விளையாட்டு சிகிச்சை: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து வயதுக் குழந்தையிடம் "ஏன் தம்பியை அடிச்ச?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "தெரியல". அதை மழுப்பல் என்று நினைத்துவிடுகிறோம். குழந்தைக்கு உண்மையிலேயே தெரியாது. பயம், பொறாமை, ஏக்கம், வெட்கம் எல்லாமே அந்த வயதில் முழு வேகத்தோடு வந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்து, பெயர் சொல்லி, காரணத்தோடு இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும் திறன் பல வருடம் கழித்துத்தான் வருகிறது. சுமார் 2 முதல் 7 வயது வரை குழந்தைகள் உருவங்களையும் பாவனைகளையும் கொண்டே யோசிக்கிறார்கள் என்றார் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே. அதனால் பெரியவர்களை எதிரில் உட்காரவைத்துப் பேசும் ஆலோசனை முறை சின்னக் குழந்தைகளுக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

அதே குழந்தையிடம் இரண்டு பொம்மைகளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். பெரிய பொம்மை சின்ன பொம்மையைக் கட்டிலிலிருந்து தள்ளிவிடும். அம்மா பொம்மை ஓடி வந்து சின்னதை மட்டும் தூக்கிக்கொள்ளும். கேள்விக்கான பதில் அங்கே இருக்கிறது.

விளையாட்டு சிகிச்சை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. குணப்படுத்துவது பொம்மை என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தை நடத்தும் விளையாட்டை ஒரு பெரியவர் அவசரப்படாமல், திருத்தாமல், பாடம் நடத்தாமல் முழுக் கவனத்தோடு பார்த்து, புரிந்ததைத் திருப்பிச் சொல்கிறாரே, பலன் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் எளிதில் புரியும்.

இந்த முறை வந்த வழி

1920களில் மெலனி க்ளைனும் அன்னா ஃபிராய்டும் குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வில், அதாவது மனத்தின் ஆழத்தில் மறைந்திருப்பதை வெளிக்கொணரும் சிகிச்சையில், விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். க்ளைன் விளையாட்டின் ஒவ்வொரு அசைவுக்கும் பொருள் தேடினார். அன்னா ஃபிராய்ட் குழந்தையோடு நெருக்கம் உண்டாக்கவே அதை முக்கியமாகப் பயன்படுத்தினார். 1928இல் லண்டனில் குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கிய மார்கரெட் லோவன்ஃபெல்ட், மணல் தட்டும் சின்னச் சின்ன உருவங்களும் கொடுத்துக் குழந்தைகள் தங்கள் உலகத்தைத் தாங்களே அமைக்க விட்டார்.

இன்று அதிகம் பின்பற்றப்படும், குழந்தையே விளையாட்டை நடத்த விடும் குழந்தை மைய முறைக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்காவின் வர்ஜீனியா ஆக்ஸ்லைன். ஆலோசனைக்கு வருபவரையே மையமாக வைத்த உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழியில் வந்த அவர் 1947இல் எட்டுக் கொள்கைகளை முன்வைத்தார். குழந்தையோடு அன்பான உறவை ஏற்படுத்துவது, அது எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்பது, உணர்வைத் தாராளமாக வெளிக்காட்ட இடம் தருவது, அந்த உணர்வைக் கண்டுகொண்டு திருப்பிச் சொல்வது, தன் சிக்கலைத் தீர்க்கும் திறன் அதற்கு உண்டு என்று மதிப்பது, அது காட்டும் வழியில் போவது, அவசரப்படுத்தாமல் இருப்பது, தேவையான எல்லைகளை மட்டும் வைப்பது. வீட்டிலும் பயன்படும் பட்டியல் இது.

இன்னொரு வகையில் தெரபிஸ்டே விளையாட்டைத் தேர்ந்தெடுத்து நடத்துவார். குறிப்பிட்ட ஒரு பயத்தையோ கோபத்தையோ கையாளக் கற்றுத்தருவதற்கு அது பொருந்தும். பலர் இரண்டையும் கலந்து செய்கிறார்கள்.

படி 1: முதலில் கவனித்து எழுதுங்கள்

விளையாட்டு சிகிச்சை பெரும்பாலும் 3 முதல் 12 வயது வரையான குழந்தைகளுக்கானது. பெற்றோர் பிரிவு, நெருங்கியவர் மரணம், புது இடம், மருத்துவமனை வாசம், தம்பி தங்கை பிறப்பு, பள்ளியில் வன்முறை இவற்றுக்குப் பிறகு குழந்தையின் நடத்தை மாறுவது இயல்புதான். மாற்றம் சில வாரங்களில் தணியாமல் கூடிக்கொண்டே போனாலோ, தூக்கம், சாப்பாடு, பள்ளி, நட்பு என்று ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களைத் தொட்டாலோ உதவி தேடலாம். ஏற்கனவே விட்டிருந்த பழக்கங்கள் திரும்புவது (படுக்கையில் சிறுநீர் கழிப்பது, மழலையாகப் பேசுவது), அடிக்கடி காரணம் தெரியாத வயிற்றுவலி, முன்பு பிடித்த விளையாட்டில் ஆசை போவது ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி அடங்கியது, இவ்வளவு போதும். "அடம் பிடிக்கிறான்" என்று எழுதாதீர்கள். "ஷூ போடச் சொன்னதும் தரையில் படுத்து இருபது நிமிடம் அழுதான்" என்று எழுதுங்கள். தெரபிஸ்டுக்கு உதவுவது இரண்டாவதுதான்.

கூடவே, காது கேட்பது, கண் பார்வை, பேச்சு வளர்ச்சி, தூக்கம் ஆகியவற்றைக் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரியாகக் காது கேட்காத குழந்தை "சொன்ன பேச்சைக் கேட்காத" குழந்தையாகத் தெரியும்.

சேர்ந்து விளையாடவில்லையே என்ற கவலைக்கு ஒரு வார்த்தை. மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் விளையாட்டைப் படிப்படியாகப் பிரித்தார். தனியாக விளையாடுவது, தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை ஆடுவது, பொருட்களைப் பகிர்ந்துகொள்வது, கடைசியில் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து ஆடுவது. இரண்டரை வயதுக் குழந்தை இன்னொரு குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து தன்பாட்டுக்கு விளையாடினால் அது குறை ஆகாது.

படி 2: தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பது

அறை நிறையப் பொம்மை வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் விளையாட்டு சிகிச்சையாளர் ஆகிவிட மாட்டார். உளவியல், மனநல ஆலோசனை, சமூகப்பணி போன்ற துறை ஒன்றில் அடிப்படைத் தகுதியும், அதற்கு மேல் விளையாட்டு சிகிச்சைக்கென்றே பயிற்சியும், அனுபவமுள்ள மூத்தவரின் மேற்பார்வையும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், எங்கள் குழந்தை மாதிரியான சிக்கலில் எந்த முறையைப் பின்பற்றுவீர்கள், எங்களை எந்த அளவுக்குச் சேர்த்துக்கொள்வீர்கள், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், அறையில் நடப்பதில் எதை எங்களிடம் சொல்வீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். குழந்தை ஒவ்வொரு நாளும் என்ன செய்தது என்ற விவரத்தைத் தெரபிஸ்ட் சொல்ல மாட்டார். பொதுவான போக்கையும், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையும் சொல்வார். இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளப் பெற்றோருக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் அது தேவை. எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தால் குழந்தை எதையும் காட்டாது.

நான்கு அமர்வில் சரிசெய்துவிடுவேன் என்று உறுதி கொடுப்பவரையும், முதல் சந்திப்பிலேயே ஓவியத்தைப் பார்த்துக் "குழந்தைக்கு இதுதான் நடந்திருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்பவரையும் விட்டு விலகுங்கள். கறுப்பு வண்ணத்தில் வரைந்ததால் மட்டும் மனத்தில் துயரம் என்று ஆகிவிடாது. சில சமயம் மற்ற க்ரேயான் உடைந்திருக்கும்.

படி 3: குழந்தையிடம் எப்படிச் சொல்வது

முந்தைய நாளோ அதற்கும் முந்தைய நாளோ சொன்னால் போதும். தண்டனை மாதிரியும் ஒலிக்கக் கூடாது, ஏமாற்றி அழைத்துப் போகவும் கூடாது. "உனக்கு இப்போ ராத்திரி நிறைய பயம் வருது இல்லையா? குழந்தைகளுக்கு இது மாதிரி இருக்கும்போது உதவி பண்ற ஒருத்தங்க இருக்காங்க. அவங்க ரூம்ல நிறைய விளையாட்டுச் சாமான் இருக்கும். அங்கே நீ விளையாடலாம், பேசணும்னா பேசலாம். அம்மா வெளியில உட்கார்ந்திருப்பேன்." இவ்வளவுதான்.

திரும்பி வரும்போது "என்ன பண்ணின? என்ன சொன்ன? நல்லா நடந்துக்கிட்டியா?" என்று கேட்காதீர்கள். அதுவாகச் சொன்னால் கேளுங்கள். அழுக்காகும் என்பதால் பழைய உடை போட்டு அனுப்புங்கள். உடை கெட்டுவிடுமே என்று பயந்துகொண்டு யாராலும் விளையாட முடியாது.

படி 4: அறைக்குள் என்ன நடக்கிறது

வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை. ஒரு அமர்வு 30 முதல் 50 நிமிடம். பொம்மைகள் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டில் எல்லாம் மாறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இந்த மாறாமையே பெரிய ஆறுதல்.

சாமான்களும் யோசித்து வைக்கப்பட்டவை. வீட்டு வாழ்க்கையைக் காட்டக் குடும்பப் பொம்மைகள், பொம்மை வீடு, சொப்பு சாமான், டாக்டர் செட், பால் பாட்டில். கோபத்தையும் பயத்தையும் காட்டச் சிப்பாய்கள், டைனோசர், ரப்பர் கத்தி, குத்துவதற்கு ஒரு பை. மனத்தில் இருப்பதைக் கொட்ட மணல், களிமண், வண்ணம், கைப்பொம்மைகள். பட்டனை அழுத்தினால் தானே ஆடிப் பாடும் பொம்மைகள் இருக்காது. அவை குழந்தையை வேடிக்கை பார்க்கவைத்துவிடும்.

முதல் சில அமர்வுகளில் குழந்தை சுற்றிப் பார்க்கும். அப்புறம் சோதிக்கும். தண்ணீரைக் கொட்டினால் இவர் என்ன செய்வார், கெட்ட வார்த்தை சொன்னால் முகம் மாறுமா என்று பார்க்கும். அந்தச் சோதனையில் தெரபிஸ்ட் நிலைகுலையாமல் இருந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

தெரபிஸ்ட் அதிகம் பேச மாட்டார். பார்ப்பதைச் சொல்வார்: "அதை உள்ளே ஒளிச்சு வைக்கிற." உணர்வைச் சொல்வார்: "அந்தக் குட்டி முயலுக்கு ரொம்பப் பயமா இருக்கு. யாரும் வரலை." பொறுப்பைத் திருப்பித் தருவார்: "இது என்ன பொம்மை?" என்று குழந்தை கேட்டால் "நீ எதுவா வேணும்னாலும் வச்சுக்கலாம்" என்பார். சாதாரணமாகத் தெரியும் இந்த மூன்றும் சேர்ந்துதான் உணர்ச்சி வளர்ச்சிக்கு உதவுகின்றன. உடம்புக்குள் புயலாக இருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைக்கிறது. பெயர் கிடைத்த உணர்வை அடுத்த முறை அடிக்காமல் சொல்லிக் காட்ட முடியும். பயமுறுத்தியதை விளையாட்டில் தானே நடத்தும்போது நிலைமை தலைகீழாகிறது. ஊசிக்குப் பயந்த குழந்தை டாக்டராகி, கரடிக்கு ஊசி போட்டு, "கொஞ்ச நேரம்தான் வலிக்கும்" என்று தேற்றுகிறது. அதே விளையாட்டைப் பலமுறை ஆடும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று சற்று மாறும். அந்தச் சின்ன மாற்றத்தைத்தான் தெரபிஸ்ட் தேடிக்கொண்டிருப்பார்.

சமூக வளர்ச்சி எங்கே வருகிறது? முதலில் அந்த உறவிலேயே. இன்னொரு மனிதர் தன்னைப் புரிந்துகொள்கிறார், கோபப்பட்டாலும் விட்டுப் போவதில்லை, அதே சமயம் அடிக்க விடுவதும் இல்லை என்ற அனுபவம் நட்புக்கு அடிப்படை. பாவனை விளையாட்டில் குழந்தை டீச்சராகவும் திருடனாகவும் பாட்டியாகவும் மாறும்போது அடுத்தவர் கண்ணால் பார்க்கப் பழகுகிறது. 6, 7 வயதுக்கு மேல் பலகை விளையாட்டுகள் உதவும். தோற்றால் காயைக் கவிழ்க்கும் குழந்தைக்குத் தோல்வியைத் தாங்கிப் பழகப் பாதுகாப்பான இடம் அது. கொஞ்சம் தேறிய பிறகு இரண்டு மூன்று குழந்தைகளைச் சேர்த்துக் குழு அமர்வு நடத்துவதும் உண்டு. முறை மாற்றிக்கொள்வது, கேட்டு வாங்குவது, சண்டைக்குப் பின் சமாதானமாவது எல்லாம் அங்கே நேரடியாகவே நடக்கும்.

படி 5: வீட்டில் வாரம் 30 நிமிடம்

பெற்றோர் அதிகம் செய்யக்கூடிய படி இதுதான். 1960களில் அமெரிக்க உளவியலாளர்கள் பெர்னார்ட் கெர்னியும் லூயிஸ் கெர்னியும், அதுவரை தெரபிஸ்ட் மட்டுமே செய்துவந்ததைப் பெற்றோருக்கே கற்றுத்தரத் தொடங்கினார்கள். பின்னால் கேரி லேண்ட்ரெத்தும் சூ பிராட்டனும் அதைப் பத்து அமர்வுப் பயிற்சியாக வடிவமைத்தார்கள். முறையாக ஒருவரிடம் கற்றுக்கொண்டு செய்வது சிறந்தது. பெரிய சிக்கல் இல்லாத வீடுகளில் கீழே உள்ள அளவுக்கு நீங்களாகவே தொடங்கலாம்.

ஒரு அட்டைப்பெட்டியில் தனியாகச் சில சாமான்களை வையுங்கள்: சில மனிதப் பொம்மைகள், மிருகங்கள், களிமண், க்ரேயானும் தாளும், சொப்பு சாமான், டாக்டர் செட், ஒரு கைப்பொம்மை, ஒரு பந்து. புதிதாக வாங்க வேண்டியதில்லை. இந்தப் பெட்டி அந்த நேரத்துக்கு மட்டும்தான் திறக்கும். வாரத்தில் ஒரு நாள், முப்பது நிமிடம், ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர். போன் வேறு அறையில் இருக்கட்டும். அன்று குழந்தை சேட்டை செய்தது என்பதற்காக இந்த நேரத்தை ரத்து செய்யாதீர்கள். சேட்டை செய்த நாளில்தான் அது அதிகம் தேவைப்படும்.

"இது நம்ம விளையாட்டு நேரம். இந்தச் சாமான்களை வச்சு நீ விரும்புற மாதிரி நிறைய விதமா விளையாடலாம்" என்று தொடங்குங்கள். அப்புறம் குழந்தை முன்னால் போகட்டும். நீங்கள் தரையில், அதன் உயரத்தில், அதன் பக்கம் திரும்பி உட்காருங்கள்.

கேள்வி கேட்காமல் இருப்பதுதான் மிகக் கடினம். "இது என்ன கலர்? இது யாரு? ஏன் அழுறா?" என்று நம் வாய் தானாகக் கேட்கும். கேள்வி வந்தவுடன் குழந்தை விளையாட்டிலிருந்து வெளியே வந்து உங்களுக்குச் சரியான பதில் தேடும். "அழுறா… ரொம்ப வருத்தமா இருக்கா" என்று சொல்லி நிறுத்துங்கள். பாராட்டிலும் கவனம் வேண்டும். "சூப்பரா வரைஞ்சிருக்க" என்றால் அடுத்த படத்தையும் உங்களுக்குப் பிடிக்கும்படி வரையும். "ரொம்ப நேரம் விடாம முயற்சி பண்ணி முடிச்சிட்ட" என்றால் தன் உழைப்பைத் தானே பார்க்கும். குழந்தை யானைக்கு நீல வண்ணம் தீட்டினால் அந்த அரை மணி நேரத்துக்கு யானை நீலம்தான்.

எல்லை மீறும் நேரமும் வரும். கட்டையை உங்கள் மேல் எறியக் கையை ஓங்குகிறது என்று வையுங்கள். லேண்ட்ரெத் சொல்லிக்கொடுத்த மூன்று பகுதி முறை இங்கே அருமையாக வேலை செய்யும். முதலில் உணர்வை ஏற்பது: "உனக்கு என் மேல கோபம் கோபமா வருது." அடுத்து எல்லை: "ஆனா ஆள் மேல எறியக் கூடாது." உடனே மாற்று வழி: "அந்தத் தலையணை மேல எறியலாம்." குரல் உயரக் கூடாது. முதல் பகுதியை விட்டுவிட்டு நேராகக் "கூடாது" என்பதற்குப் போய்விடுவதுதான் நம் வழக்கம். உணர்வை முதலில் சொன்னால் பல நேரம் கை தானே இறங்கும். அப்படியும் எறிந்தால் இன்னொரு முறை சொல்லிவிட்டு, அன்றைக்கு அந்தக் கட்டையை மட்டும் எடுத்து வையுங்கள். மிரட்ட வேண்டாம், பழைய கதைகளை இழுக்க வேண்டாம்.

முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னும் ஒரு நிமிடம் முன்னும் சொல்லுங்கள். நேரம் வந்ததும் முடியுங்கள். அழுதாலும் நீட்ட வேண்டாம். "இன்னும் விளையாடணும்னு ஆசையா இருக்கு. இன்னைக்கு நேரம் முடிஞ்சிடுச்சு. அடுத்த வாரம் இதே நாள் மறுபடி விளையாடலாம்" என்று சொல்லி எழுந்துகொள்ளுங்கள்.

விளையாட்டில் கண்டதை வீட்டுச் சண்டையில் எடுத்துப் பேசவே பேசாதீர்கள். "அன்னைக்குப் பொம்மையை அடிச்சல்ல, அது மாதிரிதான் தம்பியையும்…" என்று ஒருமுறை சொன்னால் போதும், அந்தப் பெட்டியின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

படி 6: முன்னேற்றத்தை எங்கே பார்ப்பது

தொடக்கத்தில் சில குழந்தைகள் வீட்டில் இன்னும் அதிகமாக அழும், கோபப்படும். அடக்கிவைத்தது வெளியே வருவதாக இருக்கலாம். தெரபிஸ்டிடம் சொல்லுங்கள், உடனே நிறுத்திவிடாதீர்கள். நல்ல மாற்றம் சின்னதாகவே வரும். இருபது நிமிட அழுகை பன்னிரண்டு நிமிடமாகக் குறையும். அடிப்பதற்குப் பதில் "எனக்குக் கோபம் வருது" என்று கத்தும். விளையாட்டிலும் தெரியும்: யாரும் காப்பாற்றாத முயலைக் காப்பாற்ற ஒருவர் வருவார். படி 1இல் எழுதிய நோட்டு இப்போதுதான் உதவும். நினைவை நம்பினால் நேற்று நடந்த சண்டை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

எவ்வளவு காலம் ஆகும் என்பது குழந்தையைப் பொறுத்தது. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 1953 முதல் 2000 வரை வெளிவந்த 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கணிசமான பலன் இருப்பதாகச் சொன்னது. பயிற்சி பெற்ற பெற்றோர் தாங்களே நடத்திய அமர்வுகளில் பலன் இன்னும் அதிகமாக இருந்தது. 35 முதல் 40 அமர்வுகள் வரை நடந்தபோது பலன் உச்சத்தில் இருந்தது. அதைவிடக் குறைவாக நடந்த இடங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. குழந்தை மைய முறையை மட்டும் எடுத்துக்கொண்டு 52 ஆய்வுகளைப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு பலனை நடுத்தரம் என்று மதிப்பிட்டது. எனவே அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் "சும்மா விளையாடுவதற்குப் பணமா?" என்று கேட்கும் உறவினருக்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

படி 7: இது மட்டும் போதாத இடங்கள்

ஒரே காட்சியை மாற்றமே இல்லாமல், மகிழ்ச்சியே இல்லாமல், முடிந்த பிறகும் ஆறுதல் இல்லாமல் திரும்பத் திரும்ப விளையாடும் குழந்தைக்கு வீட்டுப் பெட்டி போதாது. 1976இல் அமெரிக்காவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகள் கடத்தப்பட்டு உயிரோடு மீண்டார்கள். அவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர் இந்த வகை விளையாட்டை விரிவாகப் பதிவுசெய்தார். இங்கே பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் மெதுவாகத் தலையிட்டுக் கதைக்கு வேறு வழி காட்ட வேண்டியிருக்கும்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சாக வேண்டும் என்று பேசுவது, மிருகங்களையோ மற்ற குழந்தைகளையோ கடுமையாகத் துன்புறுத்துவது ஆகியவற்றுக்கு உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். விளையாட்டின் நடுவே பாலியல் தொல்லை பற்றியோ அடி பற்றியோ குழந்தை சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். "என்கிட்ட சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டோ, பெயர்களை எடுத்துக்கொடுத்தோ துருவாதீர்கள். பின்னால் நடக்கும் விசாரணையைக்கூட அது பாதிக்கும். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்து, அன்றே குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பையோ மருத்துவரையோ அணுகுங்கள். ஆட்டிசம், பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகளுக்கும் விளையாட்டு சிகிச்சை உதவக்கூடும். பேச்சுப் பயிற்சி போன்றவை அதனோடு கூடவே நடக்க வேண்டும்.

படி 8: முடிப்பது

குழந்தை தேறிவிட்டது என்று தெரிந்ததும் பல பெற்றோர் அடுத்த வாரத்திலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். திடீரென்று ஆள் காணாமல் போவதுதான் பல குழந்தைகளின் மூலக் காயம். குறைந்தது மூன்று நான்கு அமர்வுகளுக்கு முன்பே சொல்ல வேண்டும். காலண்டரில் மீதியைக் குழந்தையே எண்ணி அடிக்கட்டும். அந்த நாட்களில் பழைய பழக்கங்கள் ஒன்றிரண்டு தலைகாட்டலாம், பிரிவுக்கு அது காட்டும் எதிர்ப்பு அது. கடைசி அமர்வு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் முடிந்தவரை குழந்தை தீர்மானிக்கட்டும். வீட்டில் அந்த முப்பது நிமிடத்தை மட்டும் நிறுத்தாமல் தொடருங்கள்.

சில வருடம் கழித்துப் பழைய துயரம் வேறு வடிவத்தில் வரக்கூடும். நான்கு வயதில் நடந்த ஒரு மரணத்தை ஒன்பது வயதில், இனித் திரும்பி வரவே மாட்டார்கள் என்ற முழு அர்த்தத்தோடு குழந்தை புரிந்துகொள்ளும். அப்போது சில அமர்வுகள் மறுபடி தேவைப்பட்டால் முதல் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். முடிந்தால் அதே தெரபிஸ்டிடம் போங்கள். முடியாவிட்டால் பழைய குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் புதியவரிடம் கொடுங்கள். பத்து வயதைத் தொட்ட குழந்தைக்குப் பொம்மை அறை சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். வரைவது, கதை எழுதுவது, பலகை விளையாட்டு என்று அதற்கேற்ற வழி வைத்திருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.